பூந்திக்கு வைத்த சஹர்

அத்தியாயம் 11

காவிரிப் பாலத்தில் கார் ஏறியபோது கமர் ஜஹான் முன்சீட்டில் உட்கார்ந்து வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தாள். பின்சீட்டில் மகள் ஷாஜியா. அவள் மடியில் கூண்டு, கூண்டுக்குள் பூந்தி. வண்டியை ஓட்டியவர் கமரின் கணவர் முஜிபுர் ரஹ்மான். ஆழ்வார்தோப்பில் கிளம்பியதிலிருந்து மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. பூந்தி மட்டும் இரண்டு தரம் கத்திப் பார்த்துவிட்டு, இந்த வீட்டில் யாரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அதுவும் அடங்கிவிட்டது.

போன வாரம் இந்த வீட்டில் நடந்த சண்டையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இன்றைக்குத்தான் முதன்முதலாக எட்டிப் பார்க்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பூந்தி பதிமூன்று வயதுப் பெண் பூனை. வெள்ளை உடம்பில் ஆரஞ்சும் கறுப்பும் திட்டுத் திட்டாக இருந்ததைப் பார்த்து, ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த ஷாஜியா வைத்த பெயர். அதன் அடிவயிற்றில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. ஸ்ரீரங்கத்து டாக்டர் ஆனந்தவள்ளி ஊசியால் எடுத்துப் பார்த்துவிட்டு, புற்றாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்று சொல்லிவிட்டார். வயதான பெண் பூனைக்கு அந்த இடத்தில் வருகிற கட்டி பெரும்பாலும் நல்லதாக இருப்பதில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

சண்டை எங்கே வந்தது என்றால், அந்தக் கட்டி கமர் ஜஹானின் கையில் இரண்டு மாதத்துக்கு முன்பே தட்டுப்பட்டிருக்கிறது. ஏதோ கொழுப்புக்கட்டியாக இருக்கும், தானாகக் கரைந்துவிடும் என்று விட்டுவிட்டாள். அது தெரிந்ததும் ஷாஜியா ஆடித் தீர்த்துவிட்டாள். அவளுக்கு நோன்புப் பெருநாள் கழிந்து நிக்காஹ். மாப்பிள்ளைக்கு ஷார்ஜாவில் வேலை. அவளும் கூடவே போய்விடுவாள். பூந்தி இங்கேதான் இருக்க வேண்டும்.

"உங்களை நம்பி எப்படிம்மா இவளை விட்டுட்டுப் போறது?"

ஷாஜியா அம்மாவிடம் கடைசியாகப் பேசியது அதுதான். அதற்கப்புறம் எதைச் சொல்வதானாலும் சுவரைப் பார்த்துச் சொன்னாள், இல்லாவிட்டால் அத்தாவிடம் சொன்னாள். பெற்ற மகள் ஒரு வீட்டுக்குள் இருந்துகொண்டே முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தால் என்ன பாடு என்று கமர் ஜஹானைத்தான் கேட்க வேண்டும்.

அந்த அத்தாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. முஜிபுர் ரஹ்மான் இருபத்து நாலு வருஷம் குவைத்தில் ஓர் அரபி வீட்டில் டிரைவராக இருந்தவர். போன வருஷம்தான் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். வந்த அன்று தன் கட்டிலில், தன் தலையணையில், பூந்தி சுருண்டு படுத்திருப்பதைப் பார்த்தார்.  கட்டிலின் ஓரத்தில் ஒடுங்கிப் படுத்துக்கொண்டார். இன்று வரைக்கும் அந்த ஓரம்தான் அவருக்கு.

சரி, இன்றைக்கு ஆபரேஷன். நாமக்கல் பக்கமிருந்து ஒரு சர்ஜன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டர் ஆனந்தவள்ளியின் கிளினிக்குக்கு வருவார். இந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டால் அடுத்த தடவை அவர் வரும்போது ஷாஜியா ஷார்ஜாவில் இருப்பாள். கெஞ்சிக் கூத்தாடி காலை ஒன்பது மணிக்கு முதல் ஆபரேஷனாகப் பூந்தியுடையதை வைக்கச் சொல்லியிருந்தாள்.

இந்த ஒரு வாரமாக அவள் பூந்தியைப் பார்த்துக்கொண்ட மாதிரி யாரும் பார்க்க முடியாது. பூந்தி ஒதுங்குகிற மண்தொட்டியின் விளிம்பு உயரமாக இருந்தால் வயிறு உரசும் என்று தாழ்வான டப்பாவாக மாற்றினாள். நடக்கச் சோம்பல்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடப் போகிறதே என்று மூன்று இடத்தில் கிண்ணம் வைத்தாள். வயதான பூனைக்கு மோப்பம் குறைந்துபோகும், சாப்பாட்டை லேசாகச் சூடுபண்ணினால்தான் வாசனை எழும்பும் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு, மீனை வேகவைத்து, முள்ளெடுத்து, ஆவி பறக்க வைத்தாள்.

பூந்தி முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. மூன்று நாளாக நாக்கால் தொட்டு நக்கியதோடு சரி. டாக்டருக்கு அதுதான் கவலை. கட்டியைவிட அதுதான் கவலை என்றார். வயதான பூனை எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதை அது தானாகச் சாப்பிடுகிறதா இல்லையா என்பதை வைத்துத்தான் பார்ப்பதாகச் சொன்னார்.

இப்போது கமர் ஜஹான் என்னத்துக்கு இப்படி விடாமல் ஓதிக்கொண்டு வருகிறாள் என்பதற்கு வருவோம். அது ஷாஜியாவுக்குத் தெரியாது.

இன்று விடியுமுன் நோன்புக்குச் சாப்பிடுகிற சஹருக்கு எழுந்தவர்கள் இரண்டு பேர்தான். ஷாஜியாவுக்கு இவை மாதவிலக்கால் நோன்பு இல்லாத நாட்கள், அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். முஜிபுர் ரஹ்மான் சாப்பிட்டு முடித்து, தொழுகைக்குக் கைகால் கழுவி வுளு செய்யப் பின்பக்கம் போய்விட்டார். கமர் ஜஹான் விரிப்பில் தனியாக உட்கார்ந்து கடைசிக் கவளத்தைப் பிசைந்துகொண்டிருந்தபோது, பூந்தி வந்தது.

அந்த வீட்டில் பதிமூன்று ரம்ஜானாக நடக்கிற விஷயம் அது. சஹர் விரிப்பை விரித்துவிட்டால் பூந்தி வந்து கமர் ஜஹானின் வலது முழங்கால் பக்கம் உட்காரும். அதன் பங்கு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் வரும். இந்த ரம்ஜானில்தான் அது வரவில்லை. இன்றைக்கு மெதுவாக, வயிறு அசையாமல் அடி வைத்து நடந்து வந்து, அதே இடத்தில் உட்கார்ந்து, முன்னங்காலை அவள் முழங்காலில் வைத்துக் கத்தியது. பசியென்று கத்துகிற பழைய குரல்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் பூந்திக்கு எதுவும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது கமர் ஜஹானுக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரியும். ஆனால் சஹர் விரிப்புக்கு வந்து உட்கார்ந்து கேட்கிற ஜீவனை வெறும் வயிற்றோடு எழுப்பி அனுப்பி அவளுக்குப் பழக்கமில்லை. அது மட்டுமில்லை, அவள் கணக்கு வேறு ஒன்று இருந்தது. பாங்கு சொல்வதற்கு முன்னால் சாப்பிட்டு முடித்துவிட்டால் அதற்கப்புறம் வெறும் வயிறுதானே? ஊரில் பச்சைப் பிள்ளை முதல் அப்படித்தானே நோன்பு பிடிக்கிறது? ஒன்பது மணிக்கு எவ்வளவு நேரம் கிடக்கிறது?

குருமாவில் கிடந்த கோழித்துண்டை எடுத்து வெந்நீரில் மசாலா போக அலசினாள். பிய்த்துப் பிய்த்துக் கிண்ணத்தில் போட்டாள். பூந்தி சாப்பிட்டது. முதலில் ஒரு துணுக்கு, அப்புறம் இன்னொன்று, அப்புறம் தலையைத் தூக்காமல். கிண்ணத்தை நக்கித் துடைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தது. கமர் ஜஹானுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பாங்கு சொன்னபோது அவள் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மகள் இன்னும் ஒரு வாரம் சுவரிடம் பேசுவாள் என்ற பயம்.

அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவில் இருந்தது கிளினிக். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது உள்ளே ஒரே ஒரு மாமி, மடியில் ஒரு குட்டை நாயோடு உட்கார்ந்திருந்தார். தடுப்பூசிக்கு வந்திருக்கிறார். ஷாஜியா கூண்டோடு நேராக உள் அறைக்குப் போய்விட்டாள். முஜிபுர் ரஹ்மான் வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கமர் ஜஹானுக்கு மாமிக்குப் பக்கத்து இடம் கிடைத்தது.

மாமி பேச்சுக்கு ஏங்கிப் போயிருந்தவர். பூனைக்கு என்ன என்று விசாரித்தார். ஆபரேஷன் என்றதும் உச்சுக்கொட்டினார். ரங்கநாதன் பார்த்துப்பான், கவலைப்படாதேள் என்றார். அப்புறம் தன் வீட்டில் இதற்கு முன்னால் இருந்த நாயின் கதையை ஆரம்பித்தார். அதற்கும் ஆபரேஷன்தான். அதுவும் சின்ன ஆபரேஷன்.

"எங்காத்து மனுஷர் பாசம் தாங்காம, கார்த்தால ரெண்டு வாய் தச்சு மம்மு, அதான் தயிர்சாதம், போட்டுட்டார். எங்க யார்கிட்டயும் சொல்லலை. மயக்க ஊசி போட்டாளோ இல்லையோ, உள்ளே இருந்தது மேலே வந்து மூச்சுக்குழாய்க்குள்ளே போயிடுத்து. அப்புறம் என்ன சொல்ல, டேபிள்லயே போயிடுத்து. நன்னா ஓடியாடிண்டிருந்தது."

 மாமி அதற்கு மேல் சொன்ன எதுவும் கமர் ஜஹானின் காதில் ஏறவில்லை.

எழுந்து உள் அறைக் கதவுக்குப் போனாள். உள்ளே உயரமான மேஜையில் பூந்தி. டாக்டர் ஆனந்தவள்ளி அதன் முன்னங்காலில் கொஞ்சம் முடியை மழித்துக்கொண்டிருந்தார். லால்குடிப் பக்கத்துப் பெண்மணி, அதட்டாமல் பேசுகிறவர். சர்ஜன் கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ராத்திரிக்கு மேல எதுவும் சாப்பிடலையே?" டாக்டர் வழக்கம்போலக் கேட்டார்.

"இல்ல டாக்டர். பத்து மணிக்கெல்லாம் எல்லாத்தையும் நானே எடுத்து வச்சிட்டேன்," என்றாள் ஷாஜியா. கதவருகே நின்ற அம்மாவை அவள் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

இதோ இந்த இடத்தில் கமர் ஜஹான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தாள். சத்தம் வரவில்லை. நோன்பு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது என்று அவளுக்காக நான் சாக்குச் சொல்லலாம். உண்மை அது இல்லை. மகளின் முகத்தைப் பார்த்தாள், பயந்தாள். எழுதுகிற எனக்கே அவள் மேல் ஆத்திரம் வருகிறது. டாக்டர் ஊசி மருந்தை எடுக்கக் கையை நீட்டினார்.

"டாக்டர், கொஞ்சம் நிறுத்துங்க."

குரல் அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது. முஜிபுர் ரஹ்மான் எழுந்து வந்து நின்றுகொண்டிருந்தார்.

"பூனை விடியக்காலைல சாப்பிட்டிருக்கு. நான்தான் குடுத்தேன். சாப்பிடாம கிடக்கேன்னு வாயைத் திறந்து ஊட்டி விட்டேன். சொல்ல மறந்துட்டேன்."

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். சர்ஜன் கையைத் துடைத்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்தார். ஷாஜியா மெதுவாகத் திரும்பினாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"இருபத்து நாலு வருஷம் நீங்க இங்க இல்ல, அத்தா. நாங்க மூணு பேரும் நல்லாத்தான் இருந்தோம்."

அந்த மூன்றாவது ஆள் பூந்தி. முஜிபுர் ரஹ்மான் தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொண்டார். கமர் ஜஹான் அப்போதும் பேசவில்லை.

டாக்டர் ஆனந்தவள்ளிதான் நிலைமையைச் சமாளித்தார். வயிறு நிறைய இருக்கும்போது மயக்கம் கொடுக்க முடியாது, அதில் பேச்சே இல்லை. சர்ஜனுக்கு மதியம் லால்குடியில் ஒரு பசுமாட்டு ஆபரேஷன் இருந்தது. அதை முடித்துவிட்டுச் சாயங்காலம் ஊருக்குத் திரும்புகிற வழியில் இங்கே வர முடியுமா என்று டாக்டர் கேட்டார். அவர் யோசித்தார். ஷாஜியா கைகூப்பி நின்றதைப் பார்த்துச் சரி என்றார். அதுவரை பூந்தி இங்கேயே இருக்கட்டும், குளுகோஸ் ஏறட்டும், நெஞ்சு, வயிறு எக்ஸ்ரேயை இப்போதே எடுத்துவிடலாம் என்று ஏற்பாடாயிற்று.

எக்ஸ்ரே நல்ல சேதி சொன்னது. நுரையீரலில் எதுவும் பரவியதாகத் தெரியவில்லை. அன்றைக்குக் கிடைத்த ஒரே நல்ல சேதி அதுதான். ஷாஜியா அதை அத்தாவிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. டாக்டரே வெளியே வந்து சொன்னார்.

மதியம் வெயில் கொளுத்தியது. தெருக்கோடியில் ஒரு புங்கமரத்தின் கீழே காரை நிறுத்தி, கதவுகளைத் திறந்து போட்டு, முஜிபுர் ரஹ்மான் ஓட்டுநர் இருக்கையைச் சாய்த்துப் படுத்திருந்தார். கண் மூடியிருந்தாரே தவிரத் தூங்கவில்லை. கமர் ஜஹான் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வுளு செய்துவிட்டுத் திரும்பும்போது பூந்தியின் கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாமியின் கதையைக் கேட்டு எழுந்த அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் விளங்கியது.

"நோன்பை வச்சுக்கிட்டுப் பொய் சொன்னீங்களே."

"நோன்பு போனா போகட்டும் கமரு. இன்னொரு நாள் களா வச்சுக்கலாம்." அவர் கண்ணைத் திறக்காமலே பேசினார். "பொண்ணு மனசு உன்னை விட்டுப் போயிடுச்சுன்னா அதுக்குக் களா கிடையாது. கல்யாணம் முடிஞ்சு அவ போற நேரம் வேற."

"உங்களை விட்டுப் போயிடுச்சே இப்ப."

முஜிபுர் ரஹ்மான் கண்ணைத் திறந்தார். கார்க் கூரையைப் பார்த்தார்.

"என்கிட்ட எப்ப ஒட்டுச்சு, விட்டுப் போறதுக்கு?"

 இந்த மனுஷன் எட்டு மாதமாகக் கட்டிலின் ஓரத்தில் படுத்திருப்பதைக் கமர் ஜஹான் பார்த்திருக்கிறாள். அது அவருடைய சுபாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். தன் கையை எடுத்து அவர் கையின் மேல் வைத்தாள். தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்களே என்று அவர்தான் கையை இழுத்துக்கொண்டார்.

சொல்லிவிடுகிறேன், இப்பவே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று கமர் ஜஹான் இறங்கினாள். கிளினிக்கில் ஷாஜியா பூந்தியின் கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கம்பிக்குள் விரலை விட்டு அதன் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். அம்மா வந்து நிற்பது தெரிந்தும் நிமிரவில்லை. கமர் ஜஹான் நின்றாள். ஷாஜி என்று கூப்பிட்டாள். ஷாஜியா கம்பிக்குள் விரலை இன்னும் உள்ளே விட்டாள். இன்னொரு தரம் கூப்பிடுவதற்குள் தைரியம் போய்விட்டது. தண்ணீர் பாட்டிலை மகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். நீங்கள் என்னைத் திட்டாதீர்கள், அவளைத் திட்டுங்கள்.

சொன்னபடி சர்ஜன் சாயங்காலம் வந்துவிட்டார். மறுபடி எக்ஸ்ரே எடுத்து, வயிறு காலி என்று பார்த்துக்கொண்டார்கள். பூந்தியை உள்ளே எடுத்துப் போனார்கள். கதவைச் சாத்தினார்கள்.

மூன்று பேரும் வெளி அறையில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே ஏதோ ஒரு கருவி விட்டு விட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கொஞ்சம் தாமதமானால் மூன்று பேருடைய தலையும் ஒரே சமயத்தில் கதவுப் பக்கம் திரும்பியது. அந்த ஒன்றிலாவது அவர்கள் ஒரே குடும்பமாக இருந்தார்கள்.

பொழுது சாய்ந்தது. நோன்பு திறக்கிற நேரம் நெருங்கியது. முஜிபுர் ரஹ்மான் பையிலிருந்து பேரீச்சம்பழ டப்பாவை எடுத்துத் திறந்து மனைவியிடம் நீட்டினார். கமர் ஜஹான் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். அவர் போனில் பாங்கு ஒலிக்கக் காத்திருந்தார்கள்.

பாங்குக்கு முன்னால் கதவு திறந்தது.

டாக்டர் ஆனந்தவள்ளி கையுறையோடு நின்றார். முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். கட்டியை எடுத்தாயிற்று. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே, வெளியே தடவினால் தெரியாத மாதிரி இன்னும் இரண்டு சின்னக் கட்டிகள் இருக்கின்றன. இப்போது செய்ய இரண்டு வழி. இத்தோடு தைத்து மூடிவிடலாம், சீக்கிரம் மயக்கம் தெளியும், ஆனால் மிச்சம் இருப்பது வளரும். இல்லையென்றால் அந்தப் பக்கத்துப் பால்மடி வரிசை முழுவதையும் எடுத்துவிடலாம். அதற்கு இன்னும் ஒரு மணி நேரம் மயக்கத்தில் வைக்க வேண்டும், பெரிய காயம், ஆற நாளாகும். உடம்பில் தெம்பு இருந்தால்தான் தாங்கும்.

"உடனே சொல்லணும்மா. ரொம்ப நேரம் அப்படியே வச்சிருக்க முடியாது," என்றார் ஷாஜியாவிடம்.

இந்த ஒரு வாரமாக எல்லாவற்றையும் தானே முடிவு செய்தவள் ஷாஜியா. இப்போது சுவரில் சாய்ந்துகொண்டாள். 

"அவ விட்டுட்டா டாக்டர். மூணு நாளா ஒழுங்கா வாய் வைக்கல. காலைலகூட அத்தா வாயைப் பொளந்து ஊட்டினதுதான். இவ்வளவு பெரிய காயத்தை அவ தாங்க மாட்டா." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மூடிடுங்க. இருக்கிற வரைக்கும் வலி இல்லாம இருக்கட்டும்."

டாக்டர் தலையசைத்தார். முகக்கவசத்தை மேலே ஏற்றிக்கொண்டு திரும்பினார்.

"அவர் ஊட்டலை."

கமர் ஜஹானுக்குத் தன் குரலே வேறு யாருடையதோ போல இருந்தது. எழுந்து நின்றிருந்தாள். பேரீச்சம்பழம் உள்ளங்கையில் நசுங்கிக்கொண்டிருந்தது.

"அவர் குடுக்கவே இல்ல டாக்டர். நான்தான் குடுத்தேன். எனக்காக அவர் பொய் சொல்லிட்டாரு." மகளைப் பார்க்காமல் சொல்லிவிட நினைத்தாள். பிறகு மகளைப் பார்த்தே சொன்னாள். "சஹருக்கு அவளா வந்தா ஷாஜி. என் முழங்கால்ல கையை வச்சுக் கேட்டா. நான் ஊட்டலை. கிண்ணத்துல வச்சேன், அவளா சாப்பிட்டா. உன்கிட்ட சொல்லப் பயந்துட்டேன்."

 டாக்டர் ஆனந்தவள்ளி முழுசாகத் திரும்பி அவளை உற்றுப் பார்த்தார்.

"தானா சாப்பிட்டுச்சா? எவ்வளவு?"

"கோழி. கிண்ணம் பூரா. நக்கித் துடைச்சிட்டா."

"காலைல எக்ஸ்ரேல வயிறு அவ்வளவு நிறைஞ்சிருந்துச்சு. ஊட்டினா இவ்வளவு இறங்குமான்னு அப்பவே நெனச்சேன்." டாக்டர் ஷாஜியாவைப் பார்த்தார். "தானா பசி எடுத்துச் சாப்பிடுற பூனைன்னா விஷயம் வேற. தாங்குறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு. ஆனா உறுதி சொல்ல மாட்டேன். இப்ப சொல்லுங்க, மூடவா, எடுக்கவா?"

ஷாஜியா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன கோபம், என்ன வலி என்று பிரித்துச் சொல்ல முடியாத முகம். இவள் இப்போது என்ன கேட்டாலும் கேட்கட்டும், அடித்தால்கூட அடிக்கட்டும் என்று கமர் ஜஹான் நின்றாள்.

"அம்மாவைக் கேளுங்க டாக்டர்," என்றாள் ஷாஜியா. "நான் போனதுக்கப்புறம் அவங்கதானே பாத்துக்கணும்."

நம்பிச் சொல்கிறாளா, தண்டனையாகச் சொல்கிறாளா? கமர் ஜஹானுக்கு விளங்கவில்லை. யோசிக்க நேரமும் இல்லை. கணவரைப் பார்த்தாள். அவர் டப்பாவைக் கையில் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அவர் குறுக்கே வரவில்லை.

"எடுத்துடுங்க," என்றாள் கமர் ஜஹான். "முழுசா எடுத்துடுங்க. நான் பாத்துக்கறேன்."

கதவு மறுபடி மூடிக்கொண்டது. உள்ளே கருவி விட்டு விட்டுச் சத்தம் போட்டது. போனில் பாங்கு ஒலிக்க ஆரம்பித்தது. முஜிபுர் ரஹ்மான் அதைக் குறைத்து வைத்துவிட்டு ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கமர் ஜஹானும் கையில் நசுங்கியிருந்ததைத் தின்றாள். தொண்டையில் இறங்கவில்லை. தண்ணீருக்குத் திரும்பினாள்.

பாட்டிலை நீட்டிக்கொண்டு ஷாஜியா பக்கத்தில் நின்றிருந்தாள். அத்தாவின் பக்கம் ஒரு முறை பார்த்தாள், அவரிடம் எதையோ சொல்ல வேண்டியவள் போல.  அப்படியே அம்மாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கதவையே பார்த்துக்கொண்டு, ஒரு வாரத்துக்கு அப்புறம் அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"கிண்ணம் பூராவுமாம்மா சாப்பிட்டா?"

"பூராவும்."

உள்ளே கருவியின் சத்தம் ஒரு கணம் நின்றது. மூன்று பேரும் எழுந்துவிட்டார்கள்.

(தொடரும்)